பின் சக்கரத்தின் நிழலில் வைத்த பெட்டி

அன்புள்ள கவின்,

நேற்று மாலை நீ அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது நான் அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். ஃபோனை ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தார். அங்கே இன்னும் காலையில் ஜாக்கெட் போட வேண்டியிருக்கிறது, ஷாலினி வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஒருவழியாக இன்டர்நெட் வந்துவிட்டது, ஆபீஸில் உனக்கு ஒரு படகும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும் கொடுத்திருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னாய். என்னைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் ஃபோனை வாங்கவில்லை. நீ கிளம்பிப் போன இந்தப் பதினாறு நாளும் அப்படித்தானே போயிருக்கிறது. கடைசியில் அப்பா ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காதில் வைத்துக் கேட்டார். பிறகு ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சனி ஞாயிறு லீவாம். வடக்க இருக்கற பெரிய ஏரிக்குப் போறாங்களாம். எந்தப் பொம்ம மீனக் கொண்டு போறதுன்னு உன்னக் கேக்கச் சொல்றான்."

"யோசிச்சு எழுதறேன்னு சொல்லுங்க."

"ஒரு பேரச் சொன்னா முடிஞ்சது. இதுக்கு எதுக்கும்மா லெட்டர்?"

தூண்டில் முனையில் மாட்டுகிற லூருக்கு அப்பா வைத்த பெயர் பொம்மை மீன். பல வருடம் முன்பு நான் முதல்முறையாக 'பைக் பிடிக்கப் போகிறேன்' என்று அந்தப் பேருள்ள மீனைச் சொன்னபோது, இரண்டு சக்கர வண்டி பழகப் போகிறேன் என்று நினைத்து ஹெல்மெட் வாங்கச் சொன்ன மனிதர் அவர். அவருக்கு ஒரு பேர் போதும். எனக்குப் போதாது. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்று தெரியும். ஷாலினியைப் படிக்கச் சொல்லிக் கேள். அவள் வாயால் இதை நீ கேட்பது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான் இது.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். அந்த ஏரித் தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறம் என்பது உனக்கு நினைவிருக்கும். அந்தத் தண்ணீரில் வெள்ளி நிற லூர்கள் எடுபடாது. அவற்றை இங்கே நியூஜெர்சியில் தெளிந்த தண்ணீருக்கு விட்டுவிடு. தங்க நிறம், செம்பு நிறம், ஆரஞ்சு, கிளிப்பச்சையோடு மஞ்சள் கலந்த நிறம், இவை போதும். வால்ஐ மீனுக்கு ஜிக் எடுத்துக்கொள். ஈயத் தலை வைத்த அந்தச் சின்னக் கொக்கியில், தரையைத் தொடுகிற அளவுக்கு எடை இருந்தால் சரி, அதற்கு மேல் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். கனமான ஜிக் பாறை இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதில் உயிருள்ள அட்டைப்பூச்சியைக் கோத்து, மெதுவாக, நீ மெதுவென்று நினைப்பதில் பாதி வேகத்தில் இழு. தண்ணீர் இப்போதுதான் குளிர் விட்டிருக்கும். மீனுக்கு அவசரம் இருக்காது. சாயங்காலம் காற்று எந்தக் கரையில் மோதுகிறதோ அந்தக் கரைக்குப் போ. அது படகை நிறுத்த வசதியான கரையாக இருக்காது, ஆனால் வால்ஐ அங்கேதான் வரும். பைக்குக்குப் பெரிய ஸ்பூன், அந்தச் சிவப்பும் வெள்ளையும் பூசிய வளைந்த தகடு. பாசி அடர்ந்த ஓரத்தை ஒட்டி வீசு. பைக்கின் பல்லுக்கு நைலான் நரம்பு நூல் மாதிரி. அதனால் ஸ்பூனுக்கு முன்னால் கம்பி லீடர் கட்டாமல் வீசாதே. வால்ஐக்குக் கம்பி கட்டாதே, அது பார்த்துவிட்டு விலகிவிடும். கொக்கிகளின் முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடு. மொத்தம் ஆறு லூர் போதும்.

ஆறு போதும் என்று சொல்வது யார் என்று நீ சிரிக்கலாம். நாற்பத்து மூன்று லூர்களைப் பெட்டியில் அடுக்கி, ஒவ்வொரு அறைக்கும் லேபிள் ஒட்டியவள் நான்தான். லேப்பில் என் வேலையே அதுதானே. பாட்டிலுக்கு லேபிள், ஃப்ரிட்ஜுக்கு லேபிள், லேபிளில் எழுதியதைச் சரிபார்த்தவர் பெயருக்கு ஒரு லேபிள். என் பக்கத்து மேஜை கேரல் ஒரு வாரக்கடைசியில் என்னைப் பார்சிப்பனிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஏரிக்குக் கூட்டிப் போய்க் கையில் தூண்டிலைக் கொடுத்த நாளிலிருந்து, ஏரியையும் நான் லேப் மாதிரிதான் நடத்தினேன். தண்ணீரின் வெப்பம், மேகம், நிறம், எந்த லூரில் என்ன கிடைத்தது என்று நோட்டில் எழுதினேன். உன்னையும் அப்படித்தான் நடத்தினேன் என்று இப்போது தெரிகிறது. எந்தப் பாடம், எந்தக் காலேஜ், எந்த இன்டர்ன்ஷிப், எல்லாவற்றுக்கும் என்னிடம் ஓர் அறையும் ஒரு லேபிளும் இருந்தன. நீ அதிகம் எதிர்த்துப் பேசாத பிள்ளை. "இட்ஸ் ஃபைன், அம்மா" என்பாய். அது உன் சம்மதம் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

நீ கிளம்புவதற்கு முந்தைய புதன்கிழமை சாப்பாட்டு மேஜையில் உன்னிடம் ஐந்து வாக்கியத்தில் சொன்னதை இப்போது முழுசாக எழுதுகிறேன். ஐந்து வாக்கியத்தில் சொல்லும்போது நான் என்னை அறியாமலே சிலவற்றைத் தவிர்த்துவிட்டேன். எழுதினால் தவிர்க்க முடியாது.

ஆறு வருடம் முன்பு, ஜூன் மாதம். நீ பயாலஜி முடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. உன் கையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று, நான் என் பழைய மேனேஜரிடம் சொல்லி வைத்து வந்த பார்சிப்பனி கம்பெனி வேலை. இன்னொன்று, எனக்குச் சொல்லாமல் நீயே அப்ளை பண்ணியது: மினசோட்டாவின் வடக்கு ஏரிகளில் எட்டு மாதம் மீன்களை எண்ணி, அளந்து, எடை போட்டு, திரும்ப விடுகிற வேலை. இரண்டுக்கும் ஊர் திரும்பியதும் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஐந்து நாள் நாமிருவரும் அந்த ஏரிக்குப் போனோம். அப்பா முதுகுவலி என்று வரவில்லை. அங்கே போனால் உன் மனம் தெளியும் என்று நீ நினைத்தாய். உன் மனதை மாற்றிவிடலாம் என்று நான் நினைத்தேன்.

மினியாபொலிஸில் இறங்கி, வாடகைக் காரில் ஐந்தரை மணி நேரம் நீதான் ஓட்டினாய். சாலை முடிகிற இடத்தில் படகுத்துறை. கேபின்காரர் ரே தன் படகோடு காத்திருந்தார். அங்கிருந்து நாற்பது நிமிடம் தண்ணீரில் போனால்தான் கேபின். ஐந்தாம் நாள் காலை அவர் வந்து கூட்டிப் போகும்வரை ஃபோன் கிடையாது, ஆள் கிடையாது. அன்று நல்ல வெயில். நீ உணவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைக்கு இறங்கினாய். நான் டிரங்க்கிலிருந்து லூர் பெட்டியை எடுத்து, காரின் பின் சக்கரத்துக்குப் பின்னால், நிழலில், தரையில் வைத்தேன். அதில் ரப்பர் புழுக்கள் இருந்தன. சூட்டில் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும் என்பதற்காக வைத்தேன். யாரும் என்னிடம் வைக்கச் சொல்லவில்லை. நானே, என் இரண்டு கையாலும் வைத்தேன். பிறகு மருந்துப் பையைத் தேடி முன் சீட்டுக்குப் போனேன். ரே, காற்று ஏறுகிறது, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று கீழிருந்து குரல் கொடுத்தார். நான் உன்னிடம், "கார்ல இருக்கறதெல்லாம் எடுத்துட்டியா?" என்று கேட்டேன். நீ டிரங்க்கைப் பார்த்தாய், பின் சீட்டைப் பார்த்தாய், "யெஸ் அம்மா, எவ்ரிதிங்" என்றாய். நீ சொன்னது உண்மை. காரில் ஒரு போர்வையைத் தவிர எதுவும் இல்லை.

ரே நம்மை இறக்கி, கேபினுக்கென்று இருக்கும் சின்ன அலுமினியப் படகைக் காட்டி, கேஸ் ஃப்ரிட்ஜில் தூண்டிலுக்கு ஒரு டப்பா நிறைய அட்டைப்பூச்சிகளை வைத்துவிட்டுப் போனார். அவர் படகுச் சத்தம் மறைந்த பிறகுதான் நான் பெட்டியைத் தேடினேன். இல்லை. கேபின் முழுக்கத் தேடினோம். ரே இறக்கிவிட்ட கரை வரை போய்ப் பார்த்தோம். அந்தச் சின்னப் படகில் ஏரியைக் கடந்து காருக்குத் திரும்பிப் போகவும் முடியாது.

"உங்கிட்டதானே கேட்டேன், எல்லாம் எடுத்துட்டியான்னு?"

"ஐ தாட் ஐ டிட்."

"தாட்னா என்ன அர்த்தம்? நாப்பத்து மூணு லூர்டா. ரெண்டு மாசமா அடுக்கினேன். அஞ்சு நாள் இங்க ஒக்காந்து என்ன பண்றது?"

"சாரி அம்மா. ஐ மஸ்ட் ஹேவ் மிஸ்ட் இட்." இருபத்து மூன்று வயது ஆண்பிள்ளை, என்னைவிட ஒரு முழம் உயரம், அன்று மாலை என்னிடம் நான்கு முறை மன்னிப்புக் கேட்டாய். அந்த நேரத்தில் எனக்கும் நிஜமாகவே பெட்டியை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. அதனால் அந்த முதல் நாளுக்காக என்னை நான் அவ்வளவாகக் குறை சொல்லிக்கொள்ளவில்லை. கோபத்தில் கத்துகிற அம்மாக்களில் ஒருத்தி, அவ்வளவுதான். நான் சொல்ல வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது.

உன் தூண்டிலில் ஏற்கெனவே கட்டியிருந்த சிவப்பு வெள்ளை ஸ்பூன். என் தொப்பியில் அலங்காரத்துக்குக் குத்தி வைத்திருந்த மஞ்சள் ஜிக். உன் ஜாக்கெட் பையில் பொடிமீன் வடிவத்தில் செய்த பழைய தங்க நிற மின்னோ ஒன்று, ஒரு பக்கம் பெயிண்ட் உதிர்ந்தது. நம்மிடம் இருந்தது இந்த மூன்றுதான். லீடர் கம்பியெல்லாம் பெட்டியோடு போய்விட்டது. மறுநாள் காலை கோரை ஓரத்தில் நீ ஸ்பூனை வீசிய மூன்றாவது வீச்சில் ஒரு பெரிய பைக் வந்தது. படகுக்கு அருகில் திரும்பியபோது அதன் முதுகு என் கை நீளம் இருந்தது. அடுத்த நொடி நரம்பு தளர்ந்தது. நரம்பைக் கடித்து அறுத்துக்கொண்டு ஸ்பூனோடு போய்விட்டது. நம்மிடம் இரண்டு மிஞ்சின. நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். நீ கேபினுக்குள் போய், சுவரில் மாட்டியிருந்த ஒரு கலைமான் படத்தின் பின்னாலிருந்து தொங்கவிடும் கம்பியைக் கழற்றிக்கொண்டு வந்தாய். இடுக்கியால் முறுக்கி, இரண்டு பக்கமும் வளையம் போட்டு, தங்க மின்னோவுக்கு லீடராகக் கட்டினாய். படத்தைப் பத்திரமாகக் கட்டில்மேல் படுக்கவைத்துவிட்டு வந்தாய். ஒரு மணி நேரத்தில் அந்த மின்னோவில் இரண்டு பைக் பிடித்தோம். ஒவ்வொன்றையும் நீ தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கொக்கியைக் கழற்றி, வாலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி, அதுவாகத் திமிறிக்கொண்டு போகும்வரை காத்திருந்து விட்டாய். நான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பையனுக்கு இது வருகிறது, இதற்கென்றே கை அமைந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் பயம்தான் வந்தது.

அன்று மதியம் நீ சாண்ட்விச் செய்துகொண்டிருந்தாய். நான் அட்டைப்பூச்சி டப்பாவை வெயில் படாமல் படகு சீட்டுக்கு அடியில் நிழலில் தள்ளி வைத்தேன். குனிந்த அதே நிலையில் அப்படியே நின்றுவிட்டேன். பின் சக்கரம், நிழல், கருப்புப் பெட்டி, அதன் பச்சைப் பிடி, எல்லாம் ஃபோட்டோ பார்ப்பதுபோல் வந்துவிட்டது. அப்போது உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல இருபது அடி தூரம்கூட இல்லை. நீ உள்ளேயிருந்து, "அம்மா, பிக்கிள் வேணுமா?" என்று கேட்டாய். "வேணும்" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று புதன்கிழமை நீ கேட்டாய். வெட்கம் என்றேன். அது முதல் ஒரு மணி நேரத்துக்குத்தான் உண்மை. அதற்குப் பிறகு, நீ என்னிடம் குற்ற உணர்வோடு நடந்துகொண்டது எனக்கு வசதியாக இருந்தது, கவின். நீ எனக்கு முன்னால் எழுந்து காபி போட்டாய், மறுபடி மறுபடி சாரி சொன்னாய். நான் சொன்ன இடத்துக்கெல்லாம் படகை ஓட்டினாய். நான் பேசினால் குறுக்கே பேசவில்லை. திங்கட்கிழமை பற்றிப் பேச இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நான் கணக்குப் போட்டேன். இதைத்தான் புதன்கிழமை விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் காற்று மோதுகிற பாறைக் கரையில் நின்றிருந்தோம். அந்த ஒற்றை மஞ்சள் ஜிக்கில் அட்டைப்பூச்சியைக் கோத்து, முறை வைத்து ஆளுக்குப் பத்து வீச்சு வீசினோம். நான்கு வால்ஐ கிடைத்தது. கடைசி மீனைத் தூக்கி, பூனைக் கண் மாதிரி மின்னும் அதன் கண்ணை என்னிடம் காட்டினாய். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னாய். முக்கியமான விஷயத்தை மட்டும் நீ தமிழில் சொல்வாய்.

"அம்மா, எனக்கு இந்த வேலைக்குப் போணும். மீன் வேலை."

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் நீ பதிலுக்குக் கத்தியிருப்பாய், நல்லதாகப் போயிருக்கும். நான் நிதானமாகச் சொன்னேன்: "ஒரு பெட்டிய ஞாபகமா எடுத்து வைக்க முடியல உன்னால. இந்த மாதிரி ஆளில்லாத எடத்துல எட்டு மாசம் தனியா இருப்பியா? பெட்டின்னா பரவாயில்ல. அங்க நீ மறக்கறது லைஃப் ஜாக்கெட்டா இருந்தா? வயர்லெஸ்ஸா இருந்தா? நான் உன்னக் கொற சொல்லல. உன் நேச்சர் அப்படி. அதுக்குத் தகுந்த வேலையப் பாரு."

பெட்டியை வைத்தது நான் என்று தெரிந்துகொண்டே சொன்னேன். ஒரு நாள் முன்னாலேயே தெரியும். உன் நேச்சர் என்று ஒன்றை நானே செய்து, உனக்கு ஒட்டிவிட்டேன். நீ ரீலில் நரம்பைச் சுற்றினாய். சுற்றி முடித்ததும், "யூ ஆர் ப்ராபப்ளி ரைட்" என்றாய். பிறகு, "ஓகே. அவங்களுக்கு நோ சொல்லிடறேன்." அன்றைக்கு வால்ஐயை வறுத்துச் சாப்பிட்டோம். கரூரில் நாங்கள் ஆற்று மீனுக்குப் போடும் மசாலாதான். ரொம்ப நன்றாக இருந்தது என்று நீ சொன்னாய். நானும் நன்றாகச் சாப்பிட்டேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

ஐந்தாம் நாள் ரே வந்து நம்மைத் துறையில் இறக்கியதும், கால் மரத்துவிட்டது, நடக்கிறேன் என்று சொல்லி, கார் சாவியை வாங்கிக்கொண்டு உனக்கு முன்னால் மேட்டில் ஏறினேன். பெட்டி அங்கேயே இருந்தது. நடுவில் ஒரு நாள் மழை பெய்திருந்தது. மூடி சரியாக மூடாமல் தண்ணீர் உள்ளே போயிருந்தது. லேபிள் எழுத்தெல்லாம் மையாக ஒழுகியிருந்தது. நான் பெட்டியைத் தூக்கி டிரங்க்கில் வைத்து, அதன்மேல் காரிலிருந்த போர்வையைப் போட்டேன். நீ மூட்டையோடு வந்ததும், போர்வையை விலக்கிக் காட்டினேன். "பாரு, இங்கதான் இருந்திருக்கு. அடியில." நீ பார்த்தாய். "ஓ மை காட்" என்றாய். "நான் போர்வைய எடுத்துப் பாக்கவே இல்ல." வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது நீ உள்ளே காபி வாங்கப் போனாய். அந்த ஐந்து நிமிடத்தில் ஈரமான லேபிள்கள் எல்லாவற்றையும் உரித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். நகத்தில் நீல மை ஒட்டியிருந்தது. பேனா லீக் ஆகிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். நீ கேட்கக்கூட இல்லை, நானாகவே சொன்னேன்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் பார்சிப்பனி. நீ நன்றாகவே வேலை பார்த்தாய். இரண்டு புரமோஷன். அந்த ஆபீஸுக்குப் போகாவிட்டால் ஷாலினியைப் பார்த்திருக்கவே மாட்டாய் என்று அப்பா சொல்கிறார். அது உண்மைதான், அவள் இந்த வீட்டுக்கு வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அவளுக்கே தெரியும். ஆனால் அது உங்கள் இருவருடைய நல்ல காலம். என் தவறுக்குச் சாக்காக அதை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் பாட்லக் விருந்துகளில் நான்கு பேர் முன்னால் "பையன் ரெகுலேட்டரி அஃபேர்ஸ்ல இருக்கான்" என்று சொல்ல எனக்குப் பிடித்திருந்தது. மீன் அளக்கிறான் என்று சொல்லக் கூச்சப்பட்டிருப்பேன். அந்தக் கூச்சமும் இதில் இருந்தது என்பதை எழுதிவிடுகிறேன்.

மார்ச் மாதம் நீங்கள் இருவரும் வந்திருந்தபோது, நீ பாதி வழி போய்விட்டு அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க உங்கள் வீட்டுக்கே திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாய் என்று ஷாலினி சிரித்துக்கொண்டே சொன்னாள். நீ அப்பாவோடு கராஜில் இருந்தாய். "அத்தை, இவர் சின்ன வயசுலயும் இப்படித்தானா? எங்க கெளம்பினாலும் மூணு லிஸ்ட். டிரங்க்க ஃபோட்டோ எடுத்துட்டுத்தான் கார ஸ்டார்ட் பண்றார். போர்வை இருந்தா தூக்கிப் பாத்து, அதையும் ஒரு ஃபோட்டோ. ஏங்கன்னு கேட்டா, 'ஒன்ஸ் ஐ லெஃப்ட் அ பாக்ஸ்'ங்கறார். என்ன பாக்ஸ் அத்தை அது?"

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். சின்ன வயதில் நீ அப்படி இல்லை. ஒரு ஷூ பள்ளியில், ஒரு ஷூ பஸ்ஸில் என்று கவலையே இல்லாமல் இருந்த பிள்ளை. எங்கே போனாலும் நின்று திரும்பிப் பார்க்கிற மனிதனாக உன்னை ஆக்கியது நான். ஒரே ஒரு நாள் மழையில் நனைந்த பெட்டிக்காக.

அப்போதும் உடனே சொல்லவில்லை. இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். அதற்குள் நீயாகவே, ஆறு வருடம் கழித்து, அதே வடக்கு வேலைக்கு மறுபடி அப்ளை பண்ணி, வாங்கி, எங்களிடம் வந்து சொன்னாய். இந்தமுறை "போகட்டுமா" என்று கேட்கவில்லை. "போறோம்" என்றாய். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் அப்பா முகத்தைப் பார்த்தாய். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு, புதன்கிழமை, சாப்பிட வந்தபோது, "அங்க தனியா மேனேஜ் பண்ண முடியும்னு இப்ப தோணுது, அம்மா. ஐ ஆம் பெட்டர் அட் ரிமெம்பரிங் திங்ஸ் நௌ" என்றாய். அதைக் கேட்டபிறகு என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

நான் சொல்லி முடித்ததும் நீ தட்டைத் தள்ளி வைத்தாய்.

"யூ நியூ? ஏரியிலயே?"

"ரெண்டாவது நாளே தெரியும்."

"நான் சாரி சொல்லும்போதெல்லாம்?"

"ஆமா."

நீ எழுந்து வெளியே போய் டிரைவ்வேயில் காருக்குள் உட்கார்ந்துகொண்டாய். ஷாலினி எழப் போனாள். அப்பா, "விடும்மா, இருக்கட்டும்" என்றார். நாற்பது நிமிடம். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அன்றுதான் தெரியும். முப்பத்து மூன்று வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நீ திரும்பி வந்து கதவருகிலேயே நின்று சொன்னாய்: "நீ மறந்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல. எல்லாரும் மறப்பாங்க. நான் அப்படிப்பட்டவன்னு நம்ப வச்சியே, அதுக்குத்தான். சிக்ஸ் இயர்ஸ், அம்மா. நான் அத வச்சுத்தான் என்னப் பத்தி எல்லாமே டிசைட் பண்ணேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். நீ தலையை அசைத்தாய். அது சரி என்ற அசைவு இல்லை. கேட்டுவிட்டேன் என்ற அசைவு. "சனிக்கிழமைக்குள்ள ஓகே ஆயிடணும்னு எதிர்பாக்காத. என்னால முடியாது" என்றாய். சனிக்கிழமை காலை அப்பாவைக் கட்டிக்கொண்டாய். என் தோளில் ஒரு நொடி கை வைத்துவிட்டு வண்டியில் ஏறினாய்.

அதற்குப் பிறகு உன்னிடமிருந்து எனக்கு வந்த முதல் வார்த்தை, நேற்று அப்பா வழியாக வந்த அந்தக் கேள்விதான். நீ சமாதானத்துக்காகக் கேட்டாயா, உண்மையிலேயே லூர் தெரியாமல் கேட்டாயா என்று நான் ஆராயப் போவதில்லை. தெரியாமல் கேட்டிருக்க மாட்டாய். மீனைப் பற்றி இன்று என்னைவிட உனக்குத்தான் அதிகம் தெரியும். மேலே எழுதிய ஆறையும் அப்படியே எடுத்துப் போகவேண்டும் என்றில்லை. தண்ணீரைப் பார்த்துவிட்டு உனக்குத் தோன்றுவதைக் கட்டு. என் பட்டியல் தப்பாக இருந்தால் எழுது, என் நோட்டில் திருத்திக்கொள்கிறேன்.

ஷாலினிக்கு ஒரு வார்த்தை. ஷாலினிம்மா, நீ கேட்ட கேள்விக்கு மார்ச் மாதமே நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். அன்று குழாயைத் திறந்துவிட்டு நின்றதற்கு உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இவன் எப்போதாவது 'நான் மறதிக்காரன்' என்று சொன்னால், அது அவன் அம்மா சொன்ன பொய் என்று அவனிடம் சொல்.

கவின், கோடையில் அந்தப் பக்கம் வருவதாகப் போன வருடமே நானும் அப்பாவும் பேசி வைத்திருந்தோம். அப்பா வருவார். அவர் உன் படகைப் பார்க்கத் துடிக்கிறார். நான் டிக்கெட் பார்க்கவில்லை. நீ கூப்பிட்டால் வருகிறேன். கூப்பிடாவிட்டால் ஏன் என்று அப்பாவைவிட்டுக் கேட்கச் சொல்ல மாட்டேன், ஷாலினியிடம் நைசாகப் பேச்சுக் கொடுக்கவும் மாட்டேன். உன் பரீட்சைக்கு, இன்டர்வியூவுக்கு, கல்யாணத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் நான்தான் நாள் குறித்தேன். உன் கோபம் தீர்வதற்கு நான் நாள் குறிக்க மாட்டேன். அது தீரும்போது தீரட்டும். தீராவிட்டாலும் நான் உன் அம்மாதான். இந்த வீட்டில்தான் இருப்பேன்.

அம்மா